செங்கற்சுவரும் பூகம்பமும்

மாடியில் ஆடியதும் தரையில் ஆடாததும்

2012ஆம் ஆண்டு ஏப்ரல் 11ஆம் தேதி, பிற்பகல் இரண்டு மணி கடந்து சில நிமிஷங்களில், சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலையின் உயரமான அலுவலகங்களிலிருந்தும் நகரத்து அடுக்குமாடிக் குடியிருப்புகளிலிருந்தும் மக்கள் திரள் திரளாகப் படியிறங்கி வீதியில் வந்து நின்றார்கள். அதே வேளையில் புறநகரில், தாம்பரத்திலும் சேலையூரிலும் சிட்லபாக்கத்திலும் ஒற்றைத்தளப் பழைய வீடுகளில் பகலுணவை முடித்துக் கண்ணயர்ந்திருந்தவர்களில் பலர் யாதொன்றையும் அறியவில்லை. சுமத்திராவுக்கு மேற்கே, சென்னையிலிருந்து சுமார் 1,800 கிலோமீட்டர் தொலைவில், கடலுக்கு அடியில் 8.6 அளவுள்ள பெரும் பூகம்பம் அன்று நிகழ்ந்திருந்தது. 2015 ஏப்ரலில் நேபாளம் குலுங்கிய நாளிலும் இவ்வாறே மேல்மாடிவாசிகள் உணர்ந்த அளவுக்குத் தரைவாசிகள் உணரவில்லை. இத்தகைய அனுபவங்களிலிருந்து ஓர் அபிப்பிராயம் இயல்பாகவே ஊன்றிவிட்டது: அடுக்குமாடி ஆடும், நம் செங்கல் வீடு ஆடாது, ஆகவே பூகம்பத்துக்கு அஞ்ச வேண்டியவர்கள் அவர்களே என்பது. இதன் முன்பாதி உண்மை. பின்பாதி உயிருக்கு அபாயமானது.

எந்தக் கட்டடத்தையும் பக்கவாட்டில் தள்ளிவிட முடியுமானால், அது தனக்கே உரிய ஒரு கால அளவில் முன்னும் பின்னும் ஆடி அடங்கும். ஒருமுறை போய்த் திரும்ப அதற்கு ஆகும் நேரத்தை அலைவுக் காலம் என்று சொல்லலாம். பத்து மாடிக் கட்டடம் ஒன்றின் அலைவுக் காலம் ஏறத்தாழ ஒரு விநாடி. ஒற்றைத்தளச் செங்கல் வீட்டினுடையதோ விநாடியில் பத்தில் ஒரு பங்கு அல்லது அதனினும் குறைவு. பூமியதிர்ச்சி ஓரிடத்தில் பிறக்கும்போது, வேகமாகத் துடிக்கும் அலைகளும் மெதுவாக அசையும் அலைகளும் கலந்தே புறப்படுகின்றன. நெடுந்தூரம் பாறைக்குள் ஓடி வருகையில் வேகமாகத் துடிப்பவை வழியிலேயே வலுவிழந்து மறைய, மெதுவாக அசைபவையே நம்மை வந்து சேர்கின்றன. அவை தம் தாளத்தோடு ஒத்த தாளமுடைய உயர்ந்த கட்டடங்களை ஆட்டிவிட்டு, குட்டையான வீடுகளை அநேகமாகத் தொடாமலே கடந்து போகின்றன. ஆகவே 2012இல் தாம்பரத்து வீடுகள் அமைதியாக நின்றதற்குக் காரணம் அவற்றின் பலம் அன்று. அவற்றைச் சோதிக்கக்கூடிய அலை அன்று வரவில்லை என்பதே. ஐம்பது அறுபது கிலோமீட்டருக்குள் பிறக்கும் நடுத்தரமான ஒரு பூகம்பம் அத்தகைய அலைகளையே முதன்மையாகக் கொண்டுவரும்.

தென்னாட்டில் அது நிகழுமா

1900ஆம் ஆண்டு பிப்ரவரி 8ஆம் தேதி கோயம்புத்தூர்ப் பகுதியில் சுமார் 6 அளவுள்ள பூகம்பம் ஒன்று உண்டாகித் தென்னிந்தியாவின் பெரும்பகுதியில் உணரப்பட்டது. அதன்பின் ஒரு நூற்றாண்டு கழித்து, 2001ஆம் ஆண்டு செப்டம்பர் 25ஆம் தேதி இரவு எட்டரை மணிக்குச் சற்று முன்னர், புதுச்சேரிக்குக் கிழக்கே கடலில் 5.5 அளவுள்ள அதிர்ச்சி ஒன்று பிறந்து சென்னையையும் அசைத்தது. ஆயினும் தக்கணத்தின் கெட்டியான பாறைமேல் வாழ்கிறோம் என்ற நம்பிக்கையை உண்மையில் உடைத்தது இவ்விரண்டும் அல்ல. மகாராஷ்டிரத்தின் லாத்தூர் மாவட்டத்துக் கிள்ளாரி கிராமமே. தேசத்தின் பூகம்ப வரைபடத்தில் அபாயம் மிகக் குறைந்ததாகக் குறிக்கப்பட்டிருந்த முதலாம் மண்டலத்திலேயே அவ்வூர் இருந்தது. அங்கேதான் 1993 செப்டம்பர் 30ஆம் தேதி விடியுமுன் சுமார் 8,000 பேர் தம் வீடுகளின் கீழ் மாண்டார்கள்.

2002ஆம் ஆண்டு வரைபடம் திருத்தப்பட்டபோது முதலாம் மண்டலமே நீக்கப்பட்டது. அதுவரை இரண்டாம் மண்டலத்தில் இருந்த சென்னை, மிதமான அபாயமுடைய மூன்றாம் மண்டலத்துக்கு மாற்றப்பட்டது. அதற்கு முன் எழும்பிய வீடுகள், அதாவது தாம்பரம் ரயில் பாதையின் இருமருங்கும் பரவிய பழைய காலனிகளின் பெரும்பகுதி, இந்தத் திருத்தத்தை அறியாதவை.

இப்பகுதியின் நிலமும் ஒரே தன்மையதன்று. பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் திரிசூலத்திலும் தலை நீட்டும் கருநீலப் பாறை உலகப் புகழ் வாய்ந்தது. கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அலுவலர் ஜாப் சார்னாக்கின் சமாதிக்கல் இவ்வினத்தைச் சேர்ந்தது என்பதால், தாமஸ் ஹாலண்ட் என்னும் புவியியலறிஞர் அதற்குச் சார்னகைட் என்றே பெயரிட்டார். அதன்மேல் நேராக அஸ்திவாரம் போட்ட வீடு பாக்கியமுள்ளது. அங்கிருந்து சில கிலோமீட்டர் கிழக்கே சென்றால் பள்ளிக்கரணைச் சதுப்பும் வேளச்சேரியின் களிமண்ணும் வந்துவிடுகின்றன. மென்மையான ஆழ்ந்த மண், கீழிருந்து வரும் அசைவைப் பெருக்கிக் கொடுக்கும் இயல்புடையது. ஆகவே ஒரே அதிர்ச்சி பல்லாவரத்து வீட்டையும் பள்ளிக்கரணை வீட்டையும் ஒரே விதமாக நடத்தாது.

ஓர் அறையைக் கணக்கிடுவோம்

இனி, பூகம்பம் சுவரை என்ன செய்கிறது என்பதை, நம் பகுதியில் எங்கும் காணக்கூடிய ஓர் அறையை எடுத்துக்கொண்டு நிதானமாக ஆராய்வோம். நான்கு மீட்டர் நீளம், மூன்று மீட்டர் அகலம், மூன்று மீட்டர் உயரம். சுவர் முழுதும் ஒன்பது அங்குலம், அதாவது 23 சென்டிமீட்டர் கனம். கட்டிய செங்கற்சுவர் கனமீட்டர் ஒன்றுக்குச் சுமார் 1,900 கிலோ எடையுள்ளது. அவ்வாறாயின் நீண்ட சுவர் ஒவ்வொன்றும் ஐந்து டன்னுக்குச் சற்று அதிகம். குறுகிய சுவர் ஒவ்வொன்றும் ஏறத்தாழ நான்கு டன். கதவு ஜன்னலுக்கு விட்ட இடத்தைக் கழித்தால் நான்கு சுவர்களுமாகப் பதினாறு பதினேழு டன் தேறும். மேலே கான்கிரீட் தளமும் அதன்மேல் தட்டோடும் சேர்ந்து ஆறேழு டன்.

இவ்வளவு பாரமும் சாதாரண நாளில் நேர்கீழாகத் தரையை அழுத்துகிறது. செங்கல் அதை மிக எளிதாகத் தாங்கும், ஏனெனில் அழுத்தத்தைத் தாங்குவதில் அது வல்லது. பூகம்பத்தின்போதோ, சுவரை வெளியிலிருந்து எதுவும் தள்ளுவதில்லை. அஸ்திவாரம் பூமியோடு சேர்ந்து சடுதியில் ஒரு பக்கம் நகர, மேலேயுள்ள பாரம் இருந்த இடத்திலேயே இருக்க முயல்கிறது. இருந்த நிலையை விட மறுக்கும் பொருளின் இந்த இயல்பைச் சடத்துவம் என்பார்கள். விளைவைப் பார்த்தால், சுவரைப் பக்கவாட்டில் தள்ளியதற்கும் இதற்கும் வேறுபாடில்லை. பாரம் அதிகமாக அதிகமாகத் தள்ளுதலும் அதிகம். ஆகையால் கனத்த சுவரே பலமான சுவர் என்னும் பழைய நம்பிக்கை இங்கே தலைகீழாகிவிடுகிறது.

மூன்றாம் மண்டலத்துக்கெனக் கட்டட விதிநூல் எதிர்பார்க்கச் சொல்லும் அசைவில், இத்தகைய குட்டையான வீட்டின்மேல் அதன் எடையில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு பக்கவாட்டில் செயல்படும் என்று கொள்ளலாம். அப்படியானால் ஐந்து டன் எடையுள்ள நம் நீண்ட சுவரை ஒரு டன் விசை பக்கவாட்டில் தள்ளுகிறது. அந்தச் சுவர் யாருடைய துணையும் இன்றித் தனியே நிற்பதாக ஒரு கணம் எண்ணிக்கொள்வோம். தனித்து நிற்கும் சுவர் எவ்வளவு பக்கவாட்டு விசைக்குச் சாயத் தொடங்கும் என்பதற்கு எளிய பிரமாணம் ஒன்று உண்டு: கனத்தை உயரத்தால் வகுத்தால் கிடைக்கும் பங்கே அது. 23 சென்டிமீட்டரை 300ஆல் வகுத்தால் பதின்மூன்றில் ஒரு பங்கு. அதாவது தன் எடையில் பதின்மூன்றில் ஒரு பங்கு விசை முகத்தின்மேல் வந்தாலே சாயத் தொடங்கும் சுவரின்மேல், ஐந்தில் ஒரு பங்கு விசை வருகிறது. அது நிற்க வழியில்லை.

இப்போது அதே சுவரை அதன் நீளவாக்கில் தள்ளிப் பாருங்கள். அந்தத் திசையில் அதன் பரிமாணம் நான்கு மீட்டர். உயரமோ மூன்றே மீட்டர். தன் எடைக்கும் மேற்பட்ட விசை வந்தாலொழிய அதைச் சாய்க்க முடியாது. சாய்வதற்கு வெகு முன்பே ஜன்னல் மூலைகளிலிருந்து குறுக்குச்சாய்வாக வெடிப்புகள் கண்டுவிடும் என்பது மெய்யே. ஆயினும் வெடித்த சுவர் வேறு, விழுந்த சுவர் வேறு. ஆக, முகத்தில் தள்ளினால் மிகப் பலவீனமாகவும் நீளவாக்கில் தள்ளினால் மிகப் பலமாகவும் இருக்கும் விசித்திரப் பொருள் சுவர். பூகம்பம் எந்தத் திசையில் வந்தாலும், நான்கு சுவர்களில் இரண்டு பலவீன முகத்தைக் காட்டி நிற்கும். மற்ற இரண்டு நீளவாக்கில் பலமாக நிற்கும். பலவீனமான இரண்டையும் பலமான இரண்டும் பிடித்துக்கொள்ளுமா என்பதே கேள்வி முழுவதும். பிடித்துக்கொள்ள வேண்டிய இடம் மூலை.

மூலையில் இரு சுவர்களின் செங்கற்களும் வரிசைக்கு வரிசை மாறி மாறி ஒன்றுக்குள் ஒன்று புகுந்திருந்தால் பிடிப்பு ஓரளவு உண்டு. ஒரு சுவரை முதலில் எழுப்பிவிட்டு மற்றதை ஒரு வாரம் கழித்துக் கொண்டுவந்து மொட்டையாக ஒட்டினால், கண்ணுக்கு அது மூலை; பூகம்பத்துக்கு அது இரண்டு தனிச்சுவர்கள். பூச்சு வேலை இந்தக் குறையை நன்றாக மறைத்துவிடுகிறது. மூலைக்கு மிக நெருங்கி ஜன்னல் வைப்பதும் அதே தீங்கைச் செய்கிறது. பிடித்துக்கொள்வதற்கு அங்கே சுவரே இல்லாமற் போகிறது.

கட்டு வளையம்

இதற்குரிய பரிகாரம் ஆச்சரியப்படத்தக்க அளவுக்கு எளியது. கதவு ஜன்னல்களின் தலைமட்டத்தில், வீட்டின் எல்லாச் சுவர்களையும் எங்கும் அறுபடாமல் சுற்றிவரும் மெல்லிய கான்கிரீட் பட்டை ஒன்றை இடுவது. அதைக் கட்டு வளையம் என்று இங்கே அழைப்போம். மேஸ்திரிகள் லிண்டல் பெல்ட் என்பார்கள். பலகைத் துண்டுகளைக் கூட்டிச் செய்த வண்டிச் சக்கரத்தைக் காய்ச்சிய இரும்புப் பட்டை எவ்வாறு ஒரே உறுப்பாக்கிவிடுகிறதோ, அவ்வாறே இவ்வளையம் தனித்தனிச் சுவர்களை ஒரே பெட்டியாக இறுக்குகிறது. முகத்தில் தள்ளப்படும் சுவரின் விசையை ஏந்தி மூலைக்குக் கொண்டுபோய், நீளவாக்கில் நிற்கும் பலமான சுவரிடம் ஒப்படைப்பது அதன் வேலை. செங்கல்லுக்கு இழுவையைத் தாங்கும் திறன் அநேகமாக இல்லை. வளையத்துக்குள் ஓடும் கம்பி அந்தக் குறையை நிரப்புகிறது.

அதற்கு ஆகும் செலவையும் நம் அறைக்குக் கணக்கிடலாம். சுற்றளவு பதினான்கு மீட்டர். சுவரின் முழு அகலத்துக்கும் மூன்றங்குல உயரத்துக்கும் பட்டை போட்டால் கால் கனமீட்டர் கான்கிரீட் போதும். எட்டு மில்லிமீட்டர் கம்பி இரண்டு, அவற்றை ஆறங்குலத்துக்கு ஒன்றாக இணைக்கும் மெல்லிய கம்பிகள், மூலைகளில் மடக்கிப் படியவிடும் நீளம் எல்லாமாக ஏறத்தாழ இருபது கிலோ இரும்பு. சிமெண்ட் இரண்டு மூட்டை. ஓர் அறை விழுவதற்கும் நிற்பதற்கும் இடையில் உள்ள வித்தியாசம் இவ்வளவே என்பதை எண்ணும்போது, இது செய்யப்படாமல் விடப்படும் ஒவ்வொரு வீட்டுக்காகவும் நெஞ்சு வருந்துகிறது.

செய்யப்படாமல் விடப்படுவது பெரும்பாலும் வறுமையால் அன்று. நம் வீடுகள் பலவற்றில் லிண்டல் உண்டு. ஆனால் கதவுக்கு மேலே ஒரு துண்டு, ஜன்னலுக்கு மேலே ஒரு துண்டு என்று தனித்தனியாக நின்றுவிடுகிறது. ஜன்னலின் மேலுள்ள செங்கல்லைத் தாங்குவதற்கு அது போதும். சுவர்களைப் பிணைப்பதற்கு அது எவ்விதத்திலும் உதவாது. கான்கிரீட் தளம் போட்ட வீட்டில் தளமே மேல்மட்டத்து வளையமாக ஓரளவு பயன்படும். ஓட்டு வீட்டுக்கும், தேக்கு உத்தரங்களின்மேல் சிறு செங்கற்களைச் சுண்ணாம்புக் கலவையில் நிறுத்திவைத்து அடுக்கிய பழைய மெட்ராஸ் டெரஸ் வீட்டுக்கும் அந்த உதவியும் இல்லை. மெட்ராஸ் டெரஸில் பாரம் உண்டு, பிணைப்பு இல்லை.

குவெட்டாவும் கிள்ளாரியும்

இந்த யுக்தி புதிதன்று. வேற்று நாட்டிலிருந்து வந்ததும் அன்று. அக்காலத்தில் இந்தியாவின் பகுதியாயிருந்த பலுச்சிஸ்தானத்தில் 1931ஆம் ஆண்டு மாச் நகரருகே பெரும் அதிர்ச்சி ஒன்று நேர்ந்த பின்னர், எஸ். எல். குமார் என்ற இளம் ரயில்வே எஞ்சினீயர், பூகம்பத்தின் பக்கவாட்டு விசையைக் கணக்கிட்டு, இரும்புத் தண்டவாளங்களையும் பயன்படுத்திப் பிணைத்த ஊழியர் குடியிருப்புகளைக் குவெட்டாவில் அமைத்தார். 1933இல் அவற்றின் சாஸ்திரத்தை விளக்கிக் கட்டுரையும் எழுதினார். இரண்டே ஆண்டுகளில், 1935 மே 31ஆம் தேதி இரவு, குவெட்டா நகரம் தரைமட்டமாகி 30,000க்குக் குறையாத மக்கள் இறந்தார்கள். அந்த ரயில்வே குடியிருப்புகள் நின்றன. நகரத்தைத் திரும்பக் கட்டுகையில் கட்டு வளையம் விதியாயிற்று. இந்தியத் தர நிறுவனத்தின் விதிநூல்களிலும் அது 1960களிலிருந்தே இடம்பெற்றுள்ளது.

கிள்ளாரியில் நடந்தது இதற்கு நேர் மறுபக்கம். அங்கே சுவர்கள் மெல்லியவை அல்ல. இரண்டடி மூன்றடிக் கனமுள்ள கருங்கற்சுவர்கள். ஆனால் உள்முகக் கல்லும் வெளிமுகக் கல்லும் தனித்தனியே மண்சேற்றில் அடுக்கப்பட்டு, நடுவில் சல்லிக்கல் நிரப்பப்பட்டவை. இரு முகங்களையும் கோத்து நிற்கும் குறுக்குக்கல் இல்லாமையால், அசைவு வந்ததும் சுவர் இரண்டாகப் பிளந்தது. வெயிலைத் தடுப்பதற்காகக் கூரைமேல் ஆண்டுதோறும் கொட்டிச் சேர்த்த கனத்த மண், உறங்கிக்கொண்டிருந்தவர்கள்மேல் இறங்கியது. அதிர்ச்சியின் அளவு 6.2தான்.

பிற தேசங்களின் அனுபவம்

ஐரோப்பியரைப் பார்த்துச் செங்கல் ஆலைகளைக் கட்டிய ஜப்பான், 1891ஆம் ஆண்டு நோபி பூகம்பத்தில் அவை நொறுங்கியதைக் கண்டது. 1923இல் டோக்கியோ அழிந்த பின்னர்ச் செங்கற்கட்டடத்தை ஏறத்தாழக் கைவிட்டது. கலிபோர்னியாவில் 1933 மார்ச் 10ஆம் தேதி மாலை லாங் பீச் நகரத்தின் செங்கற் பள்ளிக்கூடங்கள் இடிந்தன. பிள்ளைகள் வீட்டுக்குப் போயிருந்த நேரமாதலால் பெருந்துயரம் தப்பியது. ஒரு மாதத்துக்குள் பள்ளிக் கட்டடங்களுக்கெனத் தனிச் சட்டம் பிறந்தது. காஷ்மீரத்தில் மரச்சட்டங்களைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி இடைவெளியில் கல்லும் மண்ணும் நிரப்பிய தஜ்ஜி தேவாரி வீடுகள், 2005ஆம் ஆண்டுப் பூகம்பத்தில், பக்கத்திலிருந்த கருங்கல் வீடுகள் வீழ்ந்தபோதும் பல இடங்களில் தாக்குப்பிடித்தன.

நமக்கு மிகவும் நெருங்கிய பாடம் சிலி நாட்டினுடையது. 1928ஆம் ஆண்டு தால்கா பூகம்பத்துக்குப் பின் அவர்கள் ஒரு முறையைக் கையாண்டார்கள்: முதலில் செங்கற்சுவரை எழுப்பி, அதன் ஓரங்களைப் பற்கள்போல் நீட்டிவிட்டு, பிறகு மூலைகளில் கம்பி நிறுத்தி, சுவரையே ஒரு பக்கத்துப் பலகையாகக் கொண்டு மெல்லிய தூண்களை வார்த்து, மேலே உத்தரத்தால் முடித்தார்கள். சுவரைச் சட்டம் நாற்புறமும் இறுகப் பிடித்திருப்பதால் இதைப் பிடிசட்டச் சுவர் எனலாம். நம் ஊரில் பில்லர் வீடு என்று சொல்வதில் தூணும் உத்தரமும் முதலில் எழுந்து பாரத்தைச் சுமக்க, செங்கல் பின்னால் வெற்றிடத்தை அடைக்க வருகிறது. பிடிசட்டச் சுவரிலோ பாரம் சுமப்பது செங்கல், அதைப் பிடித்திருப்பதே தூணின் தொழில். 1939இல் சில்லான் நகரைப் பூகம்பம் தாக்கியபோது, ஆராயப்பட்ட பிடிசட்டக் கட்டடங்களில் பாதிக்கு மேற்பட்டவை சேதமின்றி நின்றன. பிணைப்பற்ற செங்கற்கட்டடங்களில் பாதிக்கு மேற்பட்டவை முழுதாகவோ பகுதியாகவோ விழுந்தன.

2010ஆம் ஆண்டில் இரு பூகம்பங்கள் ஆறு வார இடைவெளியில் நிகழ்ந்தன. ஹெய்ட்டியில் 7.0, சிலியில் 8.8. பின்னது வெளியிட்ட ஆற்றல் முன்னதைப்போல் ஏறத்தாழ 500 மடங்கு. அதிர்ச்சி பிறந்த இடத்தின் ஆழமும் நகரத்துக்கு இருந்த தூரமும் வேறு வேறானவை என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்; ஆயினும் ஹெய்ட்டியில் லட்சத்துக்கு மேற்பட்டோரும் சிலியில் ஐந்நூறு பேருக்குச் சற்று மேற்பட்டோரும் இறந்ததற்குக் கட்டட முறையே பிரதான காரணம் என்பதில் ஐயமில்லை. நம் தேசத்திலும் காந்திநகர் ஐ.ஐ.டி. தன் மாணவர் விடுதிகளையும் ஆசிரியர் குடியிருப்புகளையும் இந்தப் பிடிசட்ட முறையில் கட்டியிருக்கிறது. மூன்று நான்கு மாடிக்கு மேற்படாத புறநகர் வீடுகளுக்கு இதைவிடப் பொருத்தமான முறை எனக்குத் தோன்றவில்லை; நம் கொத்தனார்கள் புதிதாகக் கற்க வேண்டியது, சுவருக்கும் தூணுக்கும் உள்ள வரிசைக் கிரமத்தை மாற்றுவது ஒன்றே.

புறநகரில் கவனிக்க வேண்டியவை

தாம்பரத்தைச் சுற்றியுள்ள காலனிகளில் தனிவீடுகள் இன்று இரண்டு விதமாக மாறிவருகின்றன. ஒன்று, பழைய செங்கல் வீட்டின்மேலேயே மகனுக்கோ மகளுக்கோ ஒரு மாடி எழும்புகிறது. அஸ்திவாரம் தாங்குமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். சுவர்கள் பிணைந்திருக்கின்றனவா என்று கேட்பவர் அரியர். பாரம் இருமடங்காகும்போது பக்கவாட்டு விசையும் அதற்கேற்ப உயரும், அது முழுவதும் கீழ்த்தளத்துச் சுவர்கள் வழியாகவே தரைக்கு இறங்க வேண்டும். மற்றொன்று, வீடே இடிக்கப்பட்டு, கார் நிறுத்தத் தரைத்தளத்தைத் திறந்துவிட்டுத் தூண்கள்மேல் நிற்கும் அடுக்குமாடி வருகிறது. மேல்மாடிகளில் செங்கற்சுவர்கள் நிறைந்து விறைத்திருக்க, கீழே வெறும் தூண்கள் மட்டும் இருந்தால் அசைவு முழுவதும் அவற்றின் தலையில் விழும். 2001 ஜனவரி 26ஆம் தேதி புஜ் பூகம்பத்தில், இருநூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்த அகமதாபாத்தில் விழுந்த அடுக்குமாடிகளில் இத்தகைய திறந்த தரைத்தளம் உடையவை மிகப் பல. தரைத்தளத்தில் சில இடங்களிலேனும் அடிமுதல் முடிவரை செல்லும் கான்கிரீட் சுவர்களை எஞ்சினீயரிடம் கேட்டுப் பெறுவது வாங்குபவர் உரிமை.

அடுத்துக் கவனிக்க வேண்டியது, மொட்டைமாடியில் எதனோடும் பிணையாமல் நிற்கும் நாலரை அங்குலக் கைப்பிடிச் சுவர். 2011 பிப்ரவரியில் நியூசிலாந்தின் கிரைஸ்ட்சர்ச் நகரில் தெருவில் நடந்துகொண்டிருந்தவர்களும் பஸ்ஸில் இருந்தவர்களும், வீதியை நோக்கிச் சரிந்த செங்கல் முகப்புகளாலேயே கொல்லப்பட்டார்கள். வாசலுக்கு மேலே உள்ள கைப்பிடிச் சுவருக்கேனும் இடையிடையே கம்பியிட்ட சிறு தூணும் தலையில் ஒரு பட்டையும் வேண்டும்.

கட்டி முடித்துக் குடியிருக்கும் வீட்டுக்கும் வழி உண்டு. லிண்டல் மட்டத்தில் சுவரின் பூச்சைச் சுமார் ஓரடி அகலத்துக்குச் சுற்றிலும் கொத்தி எடுத்து, செங்கல்லைச் சுத்தம் செய்து, பற்றவைத்த கம்பிவலையை ஆணியிட்டுப் பதித்து, கெட்டியான சிமெண்ட் கலவையால் மூடிப் பத்து நாளேனும் நனைத்துவரவேண்டும். வெளிப்புறத்தில் கட்டாயம்; இயன்றால் உட்புறத்திலும் இட்டு, இரண்டையும் சுவரைத் துளைத்துச் செல்லும் கம்பிகளால் இணைக்கலாம். வெள்ளையடிக்கவும் விரிசல் பார்க்கவும் ஆள் வரும் சமயத்தில் இதைச் சேர்த்துச் செய்துகொண்டால் தனிச் சிரமம் இல்லை. வேலையாள் வலையை மூலையோடு வெட்டி நிறுத்தப் பார்ப்பார். அது வசதியான இடம். அங்கே வெட்டவிடாமல், மூலையைச் சுற்றித் திருப்பி, அடுத்த சுவரின் வலைமேல் நன்றாகப் படியும்படி இடச்சொல்ல வேண்டும்.